ஒரு முழ உலகம்

அவள் கடைசி பெஞ்சுக்கு வந்து அன்றோடு பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் உயரம் பார்த்துத்தான் உட்காரவைப்பார்கள். குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால். யார் தலையும் யாருக்கும் மறைக்கக் கூடாது என்பது கணக்கு. விடுமுறையில் அவள் யாரையும் கேட்காமல் நான்கு விரல் வளர்ந்துவிட்டாள். சீருடையின் ஓரத்தைப் பிரித்துவிட்டும் முழங்கால் மறையவில்லை. வகுப்பு திறந்த முதல் நாளே டீச்சர் அவளைப் பார்த்து விரலை நீட்டி, அப்படியே பின்பக்கம் காட்டிவிட்டார்.

கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் கரும்பலகை ஒரு குளம். டீச்சர் கரையில் நின்று கையை அசைப்பார். குளத்தின் மேல் வெள்ளையாகப் பனி இறங்கும். பனி நிறைந்ததும் ஈரத் துணியால் துடைப்பார், குளம் மறுபடி கறுப்பாகும். சன்னல் வெயில் விழுந்தால் ஓரத்தில் தண்ணீர்கூட மினுங்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் வம்பு. அழகாக இருக்கிறது என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

ஒரு முழ தூரத்துக்குள் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எறும்பின் காலில் உள்ள முடி தெரியும். நூலில் இரண்டு புரி எந்தப் பக்கமாக முறுக்கியிருக்கிறது என்று தெரியும். அந்த முழத்தைத் தாண்டியதும் உலகம் மெல்லக் கரைய ஆரம்பிக்கும். முகங்கள் முதலில் கரையும், பிறகு விரல்கள், பிறகு எல்லாம். விடியற்காலையில் தெருவிளக்குகள் ஆளுயரப் பூக்களாக நிற்கும். பேருந்து என்பது இரண்டு நிலாக்கள், பின்னால் ஒரு உறுமல். மனிதர்களை அவள் நடையை வைத்துக் கண்டுபிடிப்பாள். அம்மாவுக்கு மட்டும் அதுவும் தேவையில்லை. தையல் கம்பெனியில் பறக்கும் பஞ்சுத் தூசிக்காக அம்மா தலையில் மஞ்சள் துண்டு கட்டியிருப்பாள். தூரத்தில் மஞ்சளாக ஏதாவது அசைந்தால் அது அம்மா.

எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்றே அவள் வெகுநாள் நினைத்திருந்தாள். போன வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஒரு நாள் சன்னலைக் காட்டி, “அங்க பாரு, கம்பியில ஒரு குருவி. வாயில வைக்கோல் வச்சிருக்கு,” என்றாள்.

“சும்மா அளக்காத,” என்றாள் இவள்.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? அதோ, இப்ப வைக்கோல் விழுந்துடுச்சு.”

குருவி என்பது அதுவரை அவளுக்கு ஒரு சத்தம். அதற்கு வாய் இருப்பதும், வாயில் வைக்கோல் இருப்பதும், அது விழுவதும் இவ்வளவு தூரத்திலிருந்து ஒருத்திக்குத் தெரிகிறது என்றால், மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கும் உலகம் வேறு. 

அந்தத் தோழிக்கு ஒரு பழக்கம் இருந்தது. பலகையைப் பார்த்து எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுவாள். முணுமுணு என்றே அவளுக்குப் பெயர். இவள் காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு எழுதிவிடுவாள். மூன்று வருடம் இப்படியே ஓடியது. கணக்கில் இவள் வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வருவாள். விடுமுறையில் முணுமுணுவின் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டார்கள். போகும்போது முணுமுணு ஒரு ரப்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள். தன்னோடு எதைக் கொண்டுபோகிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

இந்த வருட டீச்சரும் பேசுகிறவர் இல்லை. பதினெட்டு வருடம் கத்திக் கத்தி அவர் தொண்டை போய்விட்டது. பேச்சைக் குறைக்காவிட்டால் தொண்டையில் கத்திவைக்க வேண்டிவரும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஒரு அறையில் அறுபத்திரண்டு பிள்ளைகள். அதனால் எல்லாவற்றையும் பலகையில் எழுதினார். பாடம், கேள்வி, ‘சத்தம் போடாதே’ என்பதுகூட எழுத்தில்தான். அறுபத்தோரு பேர் அமைதியானால், இவளும் சேர்ந்து அமைதியாவாள்.

எதுவும் செய்யாமல் இருந்தாள் என்று இல்லை. முன் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தாள். “ஏய் ஒட்டகம், தலைய எடு! பின்னாடி மனுஷங்க இல்லையா?” என்று பின்னாலிருந்து ஒரே கூச்சல். டீச்சர் விரலை நீட்டினார். திரும்பி வந்துவிட்டாள். கடைசி பெஞ்சில் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து எழுதலாம் என்றால், அவள் தூங்குமூஞ்சி. வீட்டில் கைக்குழந்தையை ராத்திரியெல்லாம் தோளில் போட்டு ஆட்டுவது அவள் வேலை. வகுப்பில் தலையைச் சாய்த்தால் மணி அடித்த பிறகுதான் எழுவாள். அவள் நோட்டில் தேதி மட்டும் இருக்கும், அதுவும் போன வாரத்துத் தேதி.

சொல்லிவிடலாம்தானே என்று கேட்கத் தோன்றும். சொல்ல முடியாததற்குக் காரணம் பள்ளிக்கூடத்தில் இல்லை. தையல் கம்பெனியின் இரண்டாம் மாடியில் இருந்தது.

அம்மாவுக்கு அங்கே பிசிறு மேசையில் வேலை. தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறை வெட்டி, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, மடித்து அனுப்ப வேண்டும். இரண்டு வருடமாக அம்மாவுக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை. தெருக்கோடியில் வருகிற பேருந்தின் எண்ணைப் பார்த்து இது நம்முடையது என்பாள், கையில் இருக்கிற ஊசியின் காது தெரியாது. பிசிறை விரலால் தடவியே வெட்டிவிடுவாள். ஆனால் விட்ட தையல் விரலுக்கு அகப்படாது. அதனால் முடித்த கட்டுகளை மேசைக்கு அடியில் தள்ளிவைப்பாள். மறுநாள் விடியற்காலை மகள் கூடவே வந்து, பள்ளிக்கூட நேரம் வரை உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மூக்குக்குக் கிட்டே பிடித்துப் பார்த்துக் கொடுத்த பிறகுதான் கட்டு மேலே போகும். மகள் ஆசைக்கு வந்து ஒத்தாசை செய்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

முதல் நாளே அம்மா சொல்லிவைத்திருந்தாள். “என் கண்ணப் பத்தி யாருகிட்டயும் வாயத் தெறக்கக் கூடாது. தெறந்தா அன்னிக்கே நம்ம அடுப்பு அணைஞ்சுடும்.”

அது வெறும் பயமுறுத்தல் இல்லை. பக்கத்து மேசை அக்கா ஒருத்தி இருந்தாள். நன்றாகப் பாடுவாள். ஒரு சட்டையில் பொத்தான் மாட்டும் காஜா கிழிந்திருந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். மேஸ்திரி அந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு ஆட்டிக்காட்டி, “கண்ணு போனவங்களுக்கு இங்க என்னம்மா வேலை? வீட்ல போய் பாட்டு பாடு,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மறுநாள் அந்த மேசைக்கு வேறு ஒருத்தி வந்திருந்தாள்.

அப்பா கட்டட வேலைக்கு வெளியூர் போனவர். வருவார், போவார். ஆக, வீட்டில் அவர்களுக்கு இருந்தது ஒரே ஜோடி நல்ல கண். அது அவளுடையது. அதிலும் கோளாறு என்று அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

கம்பெனியில் அவளுக்குக் கழுகு என்று பெயர்.

“என்ன கழுகு, இன்னிக்கு எத்தனை பலி?” என்று கேட்டுக்கொண்டே மேஸ்திரி வருவார். ஒரு சட்டையைத் தூக்கிப் போடுவார். அவள் மூக்குக்கு நேரே ஒருமுறை ஓடவிட்டு, காலருக்குக் கீழே ஓரிடத்தில் விரலை வைப்பாள். ஒரே ஒரு தையல் தாண்டியிருக்கும்.

“யம்மா! மோந்து பாத்தே கண்டுபிடிக்குது பாரு! நாய்க்குக்கூட இந்தத் தெறம கெடையாது,” என்பார். அது பாராட்டு.

துணியை ஏன் மூக்குவரை கொண்டுபோகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. அக்கறை அதிகம் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த மாடியில் ஒரு முழத்துக்கு மேல் பார்க்க வேண்டிய வேலை எதுவும் கிடையாது. அதனால் அங்கே அவளை மிஞ்ச ஆள் இல்லை.

வெளியாட்கள் யாராவது கம்பெனியைப் பார்க்க வந்தால் மட்டும், “கழுகு, கூட்டுக்குள்ள போ,” என்பார் மேஸ்திரி. மூலையில் வெள்ளைத் துணிக் குவியல் இருக்கும். அவள் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள். நாலாபுறமும் வெள்ளை, எல்லாம் கைக்கெட்டும் தூரம், எல்லாம் தெளிவு. மெஷின் சத்தம் துணிக்குள் வடிந்து, தூரத்து மழை போலக் கேட்கும். உலகம் இவ்வளவுதான் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அப்போது தோன்றும். கொஞ்ச நேரம்தான். பிறகு பள்ளிக்கூட நினைப்பு வந்துவிடும், உடம்பு குறுகுறுக்கும்.

அந்த வாரம் திங்கட்கிழமை மேஸ்திரி அம்மாவின் மேசையில் கையூன்றி நின்றார்.

“இவள முழு நாளைக்கும் அனுப்பிடு. தனியா மேசை போட்டுத் தரேன்.”

“படிக்கிற புள்ள மேஸ்திரி.”

“படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா? இந்தக் கண்ணு ஊருல எவளுக்கும் கெடையாது. இத வச்சிக்கிட்டு பொஸ்தகத்தப் பாத்து வீணாக்கறதா? சனிக்கிழமை சொல்லு. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன். அப்புறம் இவ காலையில வந்து உக்காந்துக்கிட்டு இருக்கறதும் நல்லா இருக்காது.”

அவர் போன பிறகு அம்மா கத்தரிக்கோலைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தாள். துணி எதுவும் அதில் இல்லை.

அதே திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் டீச்சரும் அம்மாவை வரச் சொல்லிவிட்டார். பரீட்சை வைத்திருந்தார். கேள்விகள் பலகையில். வெறும் தாளைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பனியை உற்றுப் பார்த்து, இது எட்டு மாதிரி இருக்கிறது, இது கூட்டல் போல இருக்கிறது என்று தானே ஒவ்வொரு கணக்காக அமைத்துக்கொண்டு, அதையெல்லாம் சரியாகப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம். சாப்பாட்டு நேரத்தில் ஓடிவருவதாக அம்மா சொல்லியிருந்தாள். காலையில் கம்பெனியிலிருந்து அவளைக் கீழே கொண்டுவந்து விட்டபோது, படிக்கட்டு வாசலில் நிறுத்திக் கேட்டாள்.

“ஏன்டி, க்ளாஸுல தூங்கறியா?”

“இல்லம்மா.”

“யாரையாவது அடிச்சியா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குடி கூப்பிடறாங்க? நான் வந்து ஒரே ஒரு வார்த்தைதான் கேக்கப்போறேன். இவளுக்குப் படிப்பு வருமா, வராதா? வரும்னு சொன்னா, மேஸ்திரி மொகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லிடுவேன். அதுக்கப்புறம் எப்படியோ பொழச்சிக்கலாம். வராதுன்னு சொல்லிட்டாங்கன்னா...” அம்மா அவள் சட்டைக் காலரை நேராக்கினாள். “எனக்கு வேற வழி இல்ல கண்ணு.”

கண்ணு என்றுதான் எப்போதும் கூப்பிடுவாள்.

மதியம் வகுப்பு காலியாக இருந்தது. தூங்குமூஞ்சிகூட எழுந்து போய்விட்டாள். வாசலில் மஞ்சள் அசைந்தது. அம்மா உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். டீச்சர் நாற்காலியைக் காட்டினார், அம்மா உட்காரவில்லை.

டீச்சரின் குரல் காய்ந்த இலையை நசுக்குவது போல வந்தது. “வாயால கேட்டா டக்குனு பதில் சொல்றா. எழுதச் சொன்னா போர்டுல இல்லாததையெல்லாம் எழுதறா. நான் ஒரு கணக்கு குடுத்தா இவ வேற கணக்கு போடறா. என்னை ஏளனம் பண்றாளா, இல்ல மனசு வேற எங்கயாவது இருக்கா? எனக்குப் புரியலைங்க.”

“ஏளனமெல்லாம் பண்ண மாட்டா டீச்சர்.” அம்மா துண்டின் நுனியை விரலில் சுற்றினாள். “இவளுக்குப் படிப்பு வருமா வராதா? அதை மட்டும் சொல்லிடுங்க. நான் ஒரு இடத்துல பதில் சொல்லணும்.”

 டீச்சர் தொண்டையைத் தடவிக்கொண்டார். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்து, “உங்க முன்னாடியே போடட்டும்,” என்றார். அவளைப் பார்த்துப் பழக்கப்படி விரலைப் பின்பக்கம் நீட்டினார்.

அவள் கடைசி பெஞ்சுக்குப் போனாள். அம்மாவும் பின்னாலேயே வந்து, பிள்ளைகள் உட்காரும் இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். குளத்தில் பனி இறங்கும் சத்தம் கேட்டது. டக், டக், ஒரு நீளக் கீறல்.

அவள் பார்த்தாள். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பனி கொஞ்சமும் விலகவில்லை.

“என்னடி முழிக்கற?” என்று அம்மா கிசுகிசுத்தாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். சட்டையில் அளவு போட்டிருக்குமே, கண் நன்றாக இருந்த நாளில் அதில் பழகியது. “மூணு இருக்கு. அதுக்குக் கீழ ஒரு கோடு. கோட்டுக்கு அடியில நாலு.”

“அப்புறம்?” என்றாள் அவள், உதடு அசையாமல்.

“அப்புறம் கூட்டல். அந்தப் பக்கம் மாடியில ஒண்ணு குடியிருக்கு, கீழ் வீட்டுல ரெண்டு. நடுவுல அதே கோடு. என்ன கணக்கோ, தலையும் புரியல வாலும் புரியல.”

“நாலில் அஞ்சு, டீச்சர்!” என்றாள் அவள் சத்தமாக.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். துடைத்துவிட்டு வேறு ஒன்று எழுதினார், இன்னும் நீளமாக. அம்மா காதோடு காதாகச் சொன்னாள், மேலே இவர், கீழே இவர், நடுவில் ஒரு பெருக்கல் என்று. அவள் ஒரு மூச்சில் விடை சொன்னாள். மூன்றாவதும் அப்படியே. அம்மா கண்ணால் பார்த்ததை மகள் வாயால் படிக்க, காலி வகுப்பில் அது ஒரு பாட்டுப் போலப் போய்க்கொண்டிருந்தது. முணுமுணு திரும்பி வந்துவிட்டது போல அவளுக்கு நெஞ்சு லேசானது.

பிறகு அம்மாவின் கிசுகிசுப்பு நின்றுவிட்டது.

“சொல்லும்மா,” என்றாள் அவள்.

அம்மா பலகையை விட்டுத் திரும்பினாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில்தான் இருந்தாள், அம்மாவின் கண்ணோரத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்தது. “நீயே சொல்லு. இப்ப என்ன எழுதியிருக்காங்க?”

அவள் குளத்தைப் பார்த்தாள். ஏதோ மினுங்கியது. “ஏழு... ஏழுக்குக் கீழ...”

“டீச்சர் போர்ட அழிச்சிட்டாங்கடி. அங்க ஈரம்தான் இருக்கு.”

பெஞ்சு நகர்ந்தது. அம்மா எழுந்து ஒரு பெஞ்சு முன்னால் போய்த் திரும்பி நின்று கையைத் தூக்கினாள். “இது எத்தனை?”

“மூணு.”

இன்னும் இரண்டு பெஞ்சு தள்ளிப் போனாள். “இது?”

விரல்கள் ஒட்டிக்கொண்டு ஒரே இலையாகத் தெரிந்தன. அம்மா எதையும் சட்டென்று மாற்றுகிறவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். “மூணு,” என்றாள்.

அம்மா பின்னோக்கி நடந்தாள். முகம் கரைந்தது. கை கரைந்தது. கடைசியில் கறுப்புக் குளத்தின் கரையில் ஒரு மஞ்சள் சுடர் மட்டும் நின்றது. பக்கத்தில் டீச்சர் ஒரு நிழல். இரண்டு பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரியும், அது மட்டும்தான் தெரியும்.

“கண்ணு,” என்றது சுடர். “நான் இப்ப கையத் தூக்கியிருக்கேனா, எறக்கியிருக்கேனா?”

 அந்த அக்காவின் பாட்டு ஞாபகம் வந்தது. ஓட்டைக்குள் ஆடிய சுண்டுவிரல் ஞாபகம் வந்தது. தூக்கியிருக்கிறாய் என்று சொல்லிப் பார்க்கலாம். பாதிக்குப் பாதி சரியாக இருந்துவிடும்.

“ஏங்க, அவளுக்கு...” என்று டீச்சர் ஆரம்பித்தார். குரல் எழும்பவில்லை.

“இருங்க டீச்சர். அவளே சொல்லட்டும்.” அம்மாவின் குரல் உடைந்து, தானாகவே ஒட்டிக்கொண்டது. “எனக்குக் கிட்டத்துல இருக்கறது தெரியாது டீச்சர். ரெண்டு வருஷமா இவதான் எனக்குப் பாத்துத் தரா. இத நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. சொன்னா வேல போயிடும்.” மஞ்சள் கொஞ்சம் ஆடியது. “ஏய். நான் என் கண்ணப் பத்திதானடி வாயத் தெறக்காதன்னேன். உன் கண்ணப் பத்தி எப்பச் சொன்னேன்? மேஸ்திரி கெடக்கறான். நீ சொல்லு.”

சன்னலுக்கு வெளியே குருவி ஒன்று சத்தம் போட்டது. அதன் வாயில் என்ன இருந்ததோ.

அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நெட்டையாக, மறைப்பதற்குப் பின்னால் யாரும் இல்லாமல்.

“தெரியலம்மா,” என்றாள். “கை தெரியல. போர்டு தெரியல. இங்கேருந்து எனக்கு எதுவுமே தெரியல.”